பதினேழாம் நம்பர் சீட்டும் நூற்றுப் பதினான்கு குறிப்புகளும்

ஏனுங்க, கொஞ்சம் அக்கட்டால நகந்துக்கறீங்களா? ஒரு ஓரம் குடுத்தாப் போதுமுங்க. இல்லீங்க, நான் தப்பா வரலீங்க. பதினேழு. இதோ பாருங்க, என்ர போன்லயும் பதினேழு, உங்க போன்லயும் பதினேழு. ஒரே பஸ்சு, ஒரே தேதி, ஒரே எட்டரை மணி. ரெண்டு பேருமே சரிதானுங்க. அதான் இதுல இருக்கற சிரமமே.

ஒத்தை சீட்டுல ரெண்டு பேர் உக்கார்றது கஷ்டந்தான். எனக்குத் தெரியாதுங்களா? அதுக்காகக் கண்டக்டர்கிட்ட ஏன் சத்தம் போடறீங்க? அவர் என்ன பண்ணுவார், பாவம். பல்லடம் தாண்டிப் பாக்கறேன்னு சொல்லிட்டுப் போயிட்டார். இது ஏன் ஆச்சுன்னு அவருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இந்த பஸ்லயே அது தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான். ஏன்னா, இந்தப் பொன்னூஞ்சல் டிராவல்ஸுக்கு டிக்கெட் போடற ஆப் இருக்குதில்லீங்களா, அது நம்ம கைவேலைதானுங்க. மொத வரியில இருந்து எழுதினது நான். பேரு நாச்சிமுத்து. பீளமேட்டுல ஆபீஸு. பதினோரு வருசம் ஆச்சுங்க.

முறைக்காதீங்க. முழுசாக் கேளுங்க, கேட்டுப்போட்டு அப்புறம் முறைங்க.

நீங்க எது வரைக்கும்? திருச்சியா? நானும் திருச்சிதான். இன்னிக்கு மூணு மணிக்கு ஹெட் ஆபீஸ்ல முதலாளி வரச் சொல்லியிருக்கார். பதினோரு வருசத்துல இதுதான் மொதத் தடவை. எதுக்கா இருக்கும்னு நினைக்கறீங்க? காரணம் எழுதலை. ஆனா எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. லேப்டாப், சார்ஜர், ஐடி கார்டு, ஆபீஸ் சாவி, எல்லாத்தையும் கையோட எடுத்துட்டு வரோணும்னு மெயில்ல இருக்குது. போட்டோ எடுக்கத்தான், வேறென்ன? ஐடி கார்டைக் கழுத்துல மாட்டி, லேப்டாப்பை முன்னால வெச்சு, ஒரு சால்வையைப் போத்தி எடுப்பாங்க. சாவி எதுக்குன்னுதான் இன்னும் பிடிபடலை. என்ர சம்சாரம் நேத்தே இந்தச் சட்டையை இஸ்திரி போட்டு வெச்சுட்டா. நின்னுட்டே வந்தா கசங்காதுன்னுதான் நானும் பாத்தேன். கால் கடுக்குதுங்க, என்ன பண்ண?

சரி, ஏன் ரெண்டு பதினேழுன்னுதானே கேட்டீங்க. சொல்றேன்.

புல் ரிக்வெஸ்ட்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? நீங்க என்ன வேலை? டைல்ஸ் கடையா, சரி. உங்க வீட்டுல கல்யாணப் பத்திரிகை அடிச்சிருப்பீங்கல்ல? பிரஸ்காரன் எடுத்தவுடனே ஆயிரம் அடிச்சுக் குடுத்துருவானா? மாட்டான். ஒரு தாள்ல அடிச்சு, பாத்துச் சொல்லுங்கம்பான். தாய்மாமன் பேரு மேல வரோணும், சின்ன மச்சாண்டார் பேரு விட்டுப் போச்சுன்னு பெரியவங்க நாலு பேரு பாத்து, கோடு கிழிச்சு, இப்பச் சரின்னு சொன்னாத்தான் அச்சுக்குப் போகும். அதேதானுங்க. ஆப்ல எவனும் நேராக் கை வெக்கக் கூடாது. ஒரு நகல் எடுத்துக்கோணும். அதுல மாத்தோணும். மாத்திப்போட்டு, 'இதைச் சேத்துக்கங்க'ன்னு விண்ணப்பம் போடோணும். பாக்கறவர் பாத்து, குறிப்பு எழுதி, திருத்தச் சொல்லி, திருப்தியானாத்தான் பச்சை பட்டனை அமுக்குவார். அப்பத்தான் உள்ள போகும்.

அந்தப் பாக்கறவர்தானுங்க நான்.

ஒரு ஃபைல் இருக்குது. யாரெல்லாம் பாத்து ஒப்புதல் குடுக்கலாம்னு அதுல பேரு இருக்கும். எங்க ஃபைல்ல ஒரே ஒரு பேரு. அந்த ஃபைலை மாத்தோணும்னாக்கூட அதுல பேரு இருக்கறவர்தான் ஒப்புதல் குடுக்கோணும். எப்படி ஏற்பாடு பாருங்க! நான் எழுதின ஏற்பாடுதான்.

சும்மா சொல்லக் கூடாது, எனக்குன்னு ஒரு முறை இருக்குது. விண்ணப்பம் போடறவங்க மூணு கேள்விக்குப் பதில் எழுதோணும். என்ன மாத்துனீங்க? ஏன் மாத்துனீங்க? எப்படிச் சோதிச்சீங்க? இந்த மூணும் இல்லாம வந்துச்சுன்னா படிக்கக்கூட மாட்டேன். அப்புறம் தப்பு இல்லாத விண்ணப்பத்தை நான் நிறுத்துனதே இல்லீங்க. அதை மட்டும் என்ர மேல எவனும் சொல்ல முடியாது. தப்பே இல்லாத விண்ணப்பம் இதுவரைக்கும் வந்ததில்லை, அது வேற விசயம்.

ஆடி மாசம் கோகிலவாணின்னு ஒரு புள்ள விண்ணப்பம் போட்டுச்சுங்க. தாராபுரத்துப் புள்ள, வேலைக்குச் சேந்து ரெண்டு வருசம். ஒரே நொடியில ரெண்டு பேரு ஒரே சீட்டை அமுக்குனா நம்ம ஆப் ரெண்டு பேருக்குமே குடுத்துருதுன்னு கண்டுபிடிச்சிருச்சு. கெட்டிக்காரிதான், நான் இல்லைங்கல. அதைச் சரி பண்ணி அனுப்புச்சு. புதுசா ஒம்பது வரி. பழசுல ஒரு வரி எடுத்துருச்சு. மொத்தம் பத்து வரி சமாச்சாரமுங்க.

எடுத்த அந்த ஒரு வரி நான் எழுதினது. பதினோரு வருசத்துக்கு முன்னால, அதே பீளமேட்டுல, ஆபீஸ்ல நாற்காலிகூட இல்லாதப்ப அட்டைப்பெட்டி மேல உக்காந்து எழுதினது. அதுக்காக நான் நிறுத்துனேன்னு மெல்வின் ஆபீஸ் பூராச் சொல்லிட்டுத் திரிஞ்சான். மெல்வின்தான் எங்க டீம் லீடர், நாகர்கோவில்காரன், என்னைவிடப் பதினெட்டு வயசு சின்னவன். அதுக்காக இல்லீங்க. குறிப்பைப் படிச்சுப் பாத்தா உங்களுக்கே தெரியும்.

மொதக் குறிப்பையே எடுத்துக்கங்களேன். அந்தப் புள்ள 'பூட்டு'ன்னு ஒரு பேரு வெச்சிருந்துச்சு. ஒருத்தர் சீட்டைத் தொட்டதும் பூட்டிக்குமாம், அடுத்தவர் தொட முடியாதாம். ரோசனை நல்ல ரோசனை. ஆனா வியாபாரம் நடக்கற இடத்துல பூட்டுன்னு பேரு வெக்கலாமுங்களா? உங்க டைல்ஸ் கடைக்கு வெப்பீங்களா? மாத்தச் சொன்னேன். 'திறப்பு'ன்னு மாத்திக் கொண்டாந்துச்சு. பூட்டற வேலைக்குத் திறப்புன்னு பேரு இருந்தா படிக்கறவன் குழம்பிப் போயிருவானேன்னு ரெண்டாவது குறிப்பு எழுதினேன்.

"சார், அப்ப என்ன பேருதான் வெக்கறது?"ன்னு வந்து நின்னுச்சு.

"அதை நான் சொன்னா அது என்ர விண்ணப்பமாயிருமே அம்மிணி"ன்னு சொன்னேன். நியாயந்தானுங்களே?

நாலாவது வரிக்கும் அஞ்சாவது வரிக்கும் நடுவுல ஒரு வெறும் வரி விடச் சொன்னேன், மூச்சு விடறாப்ல. விட்டுச்சு. விட்டப்புறம் பாத்தா ரொம்ப மூச்சு வாங்கறாப்ல இருந்துச்சு. எடுக்கச் சொன்னேன். எடுத்துட்டு, என்னையப் பாத்துச்சு பாருங்க ஒரு பார்வை. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குப் பொறுமையே இல்லீங்க.

அப்புறம் அந்த விண்ணப்பத்தோட நம்பரு. நூத்திப் பதினாறு. ஒண்ணும் ஒண்ணும் ஆறும் கூட்டுனா எட்டு. எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாதுங்க, சத்தியமா. ஆனா கம்ப்யூட்டருக்கு இருக்குதோ என்னமோ, யாரு கண்டா? மூடிப்போட்டுப் புதுசாப் போடும்மான்னு சொன்னேன். அதுக்குள்ள மத்தவங்க போட்டதுல நம்பர் நகந்து போயி, அதுக்கு நூத்தி இருவத்தஞ்சு விழுந்துச்சு. கூட்டிப் பாருங்க. மறுபடியும் எட்டு! நான் என்ன பண்ணட்டும்? மறுபடியும் மூடச் சொன்னேன். மூணாவது தடவை நூத்தி இருவத்தாறு. ஒம்பது, நல்ல நம்பரு. ஆனா ஒவ்வொரு தடவையும் மூடித் திறந்தா பழைய குறிப்பெல்லாம் பழசோடவே நின்னு போயிரும். அதனால நானும் மொதக் குறிப்புல இருந்து மறுபடி எழுத வேண்டியதாப் போச்சு. என்ர கஷ்டம் எவனுக்குப் புரியுது? பத்து வரிக்கு நூத்திப் பதினாலு குறிப்பு. ஒவ்வொண்ணும் கையால அடிச்சது.

ஆமாங்க, நம்ம பதினேழும் எட்டுதான். இப்பத்தான் கவனிச்சீங்களா? நாம உக்காந்திருக்கற லட்சணத்தைப் பாருங்க, தெரியும்.

ஆடி போச்சு, ஆவணி போச்சு, புரட்டாசி போச்சு. ஐப்பசியில தீபாவளி வந்துச்சு பாருங்க, அங்கதான் வம்பு. தீபாவளிக்கு ஊருக்குப் போற கூட்டம் உங்களுக்கே தெரியும். எல்லாரும் ஒரே நொடியிலதானே அமுக்குவாங்க. அறுவத்திரெண்டு சீட்டு ரெட்டையாப் போயிருச்சு. அறுவத்திரெண்டு! ஒரு பஸ்ல, வயசான புருசன் பொண்டாட்டி வாங்குன சீட்டுல இன்னொரு வயசான புருசன் பொண்டாட்டி. பல்லடம் வரைக்கும் நீங்க, காங்கேயம் வரைக்கும் நாங்கன்னு பேசி வெச்சு மாத்தி மாத்தி உக்காந்துட்டுப் போயிருக்காங்க. எவ்வளவு நல்ல மனுசங்க பாருங்க. அப்படி விட்டுக் குடுத்துப் போனா என்ன பிரச்சனை வரப் போகுது?

ஆனா எல்லாரும் அப்படி இல்லீங்க. ஒருத்தர் கையில முறுக்கு டின்னோட போயிக் கண்டக்டரை இடிச்சிருக்கார். போன் மேல போன். மெல்வின் ஓடி வந்தான்.

"சார், கால்ல விழட்டுமா? அந்தப் பச்சை பட்டனை ஒருக்கா அமுக்குங்க சார். ஸ்டாண்டுல ஆளுகள் அடிச்சிட்டுக் கெடக்கு."

"அறுவத்தி மூணாவது குறிப்புக்கு இன்னும் பதில் வரலையேப்பா"ன்னு சொன்னேன்.

"அது என்ன குறிப்பு சார்?"

"ஏழாவது வரி கொஞ்சம் நீளமா இருக்குது."

"நீளமா இருந்தா என்ன சார்?"

"இன்னிக்கு ஏழாவது வரி நீளமாப் போகும். நாளைக்கு எட்டாவது வரி போகும். அப்புறம் இந்தப் பக்கத்துல எடம் எங்க இருக்கும்?"

தலையில கை வெச்சுட்டுப் போனான். நான் அவனைத் திட்டலீங்க, ஒரு வார்த்தை ஒசத்திப் பேசலை. கோகிலவாணி மட்டும் அங்கயே நின்னுட்டு இருந்துச்சு. "சார், அந்த ஒரு வரி உங்களுதுங்கறதாலதானே?"ன்னு கேட்டுச்சு. மூஞ்சிக்கு நேரா. எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. "போயி ஏழாவது வரியைப் பாரு"ன்னு சொல்லிட்டேன். அதுக்காக இல்லீங்க. எத்தனை தடவை சொல்றது?

பல்லடம் தாண்டியாச்சு போலிருக்குது. தண்ணி வேணுங்களா? குடிங்க, கொதிக்க வெச்ச தண்ணிதான்.

இப்ப நீங்க கேப்பீங்க, அப்புறம் எப்படித்தான் சரியாச்சுன்னு. அங்கதானுங்க எனக்கே ஆச்சரியம். கார்த்திகை பொறந்துச்சு, எல்லாமே மாறிப் போச்சு. அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல புத்தி வந்துருச்சு. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. 'சார், நீங்க சொல்றதுதான் சரி'ன்னு மெல்வினே வந்து சொன்னான். என்ர குறிப்புக்கெல்லாம் மதிப்புக் குடுத்து எனக்குன்னு தனி ரூமே ஒதுக்கிட்டாங்க. யூபிஎஸ் பேட்டரி இருக்கற ரூம்தான். ஆனா ஏசி அங்க மாதிரி எங்கயும் கிடையாது. பேட்டரி சூடாகக் கூடாதில்லீங்களா, இருவத்தி நாலு மணி நேரமும் ஓடும். ஸ்வெட்டர் போட்டுட்டுத்தான் வேலை பாக்கறேன்.

விண்ணப்பமும் முன்ன மாதிரி கண்ட நேரத்துல வந்து கழுத்தறுக்கறதில்லை. வாரத்துக்கு ஒண்ணு. புதன்கிழமை காலையில பதினோரு மணிக்கு டாண்ணு வந்துரும். மூணு கேள்விக்கும் பதில் இருக்கும். அதுல சரியா ரெண்டு தப்பு இருக்கும். ஒரு எழுத்துப் பிழை, ஒரு வெறும் வரி. நான் குறிப்பு எழுதினா அஞ்சே நிமிசத்துல திருத்தி, 'நன்றி சார், கவனிக்காம விட்டுட்டோம்'னு பதில் வந்துரும். பச்சை பட்டன். முடிஞ்சுது. உலகத்துல எந்த ஆபீஸ்லயாவது இப்படி நடக்குமுங்களா?

ஒரு நாள் காப்பி மெசின் பக்கத்துல ஒரு தாள் ஒட்டியிருந்ததைப் பாத்தேன். 'நாச்சிமுத்து சார், புதன்'னு தலைப்பு. மொத வாரம் மெல்வின், ரெண்டாவது வாரம் கோகிலா, மூணாவது வாரம் இன்னொருத்தன். முறை போட்டு வெச்சிருக்காங்க! என்கிட்ட விண்ணப்பம் காட்டறதுக்கு அவ்வளவு போட்டி. எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. யாரும் பாக்கறதுக்குள்ள வந்துட்டேன். பாத்திருந்தா அவங்களுக்குச் சங்கோசமா இருக்குமில்ல.

ஆமாங்க, கோகிலவாணியோட அந்தப் பத்து வரி இன்னும் அப்படியேதான் நிக்குது. அது ஒண்ணுதான் பாக்கி. அதைப் பத்தி இப்ப யாரும் கேக்கறதே இல்லை. விட்டுட்டாங்க. அதான், நீங்களும் நானும் இப்படி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். உங்களைப் பாத்தா எனக்குச் சங்கடமாத்தான் இருக்குது. ஒண்ணு செய்யறேன். முதலாளியைப் பாத்துட்டு வந்து அதை எடுத்துப் பாக்கறேன். ஏழாவது வரியைக் கொஞ்சம் மடிச்சா விட்டுரலாம்.

இதா, கண்டக்டர் வந்துட்டார். காங்கேயமே வந்துருச்சா? வாங்க, வாங்க. பாருங்க, ரெண்டும் பதினேழு. என்னுதைக் காட்டோணுமா? காட்டறேன். என்னங்க, ஏன் இப்படிப் பாக்கறீங்க?

என்ன, பழைய ஆப்பா? எது பழைய ஆப்? இதுதானுங்க ஆப். இதை எழுதினதே நான். புது ஆப்னு எது? அவர் போன்ல இருக்கறதா? காட்டுங்க. கலர்தான் வேற மாதிரி இருக்குது. பேரு அதே பேருதான். எப்ப இருந்துங்க? கார்த்திகையில இருந்தா? அப்ப இந்தப் பழசுல யாருமே டிக்கெட் போடறதில்லையா? ஒருத்தர்கூடவா? அப்ப, இந்த நாலு மாசத்துல ரெட்டை டிக்கெட்டு?

இதுதான் மொதத் தடவையா. இன்னிக்கு. நான் போட்டது.

சரிங்க. நீங்க ஆபீசுக்கு போன் பண்ணிச் சொல்லுங்க, சொல்லோணுமில்ல, அதுதான் முறை. பேரா? பயணின்னு சொல்லுங்க, போதும்.

போயிட்டார். நல்ல மனுசன், கத்தலை. நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. கலர் மாத்தியிருப்பாங்க. ஆபீஸ்ல அடிக்கடி கலர் மாத்துவாங்க. உள்ள இருக்கறது அதேதான் இருக்கும். என்னையக் கேக்காம எப்படி உள்ள போகும்? ஃபைல்ல என்ர பேரு மட்டுந்தானே இருக்குது. எந்த ஃபைல்லன்னு கேக்கறீங்களா? அது... இந்த ஃபைல்லதான். இந்த ஆப்போட ஃபைல்ல.

கொஞ்சம் வெளிய பாத்துட்டு வர்றேனுங்க.

இல்லை, ஒண்ணுமில்லை. காத்து அடிக்குது, அதான் கண்ணுல. வெள்ளகோவில் தாண்டிருச்சா? மணி என்னாச்சு? பதினொண்ணா? இன்னிக்கு புதனுங்களா? அப்ப வந்துரும் பாருங்க. சொன்னேனே, டாண்ணு... இதா, வந்துருச்சு! பாத்தீங்களா? நான் என்ன சொன்னேன்? கோகிலவாணி போட்டிருக்குது. இது மெல்வின் வாரம், ஆனா கோகிலா போட்டிருக்குது. நம்பர் இருநூத்தி ஏழு. ஒம்பது. நல்ல நம்பரு.

படிக்கறேன், கேளுங்க. சின்னதுதான். ஒரே ஒரு வரி எடுத்திருக்குது.

என்ன மாத்துனீங்க? 'ஒப்புதல் தர்றவங்க ஃபைல்ல இருந்து ஒரு பேரை எடுத்திருக்கேன்.'

ஒரு பேருதானுங்க இருக்குது அதுல.

ஏன் மாத்துனீங்க? 'பழைய ஆப்பை மூடணும். இந்தப் பேர் இருக்கற வரைக்கும் மூட முடியாது. இன்னிக்குக் காலையில அதுல ஒரு டிக்கெட் பதிவாகியிருக்கு. சீட் பதினேழு. அந்தப் பயணிக்கு உக்கார இடமில்லைன்னு இப்பத்தான் கண்டக்டர் சொன்னார். இனி வேற யாருக்கும் இப்படி ஆகக் கூடாது.'

எப்படிச் சோதிச்சீங்க?

இருங்க, எழுத்து சின்னதா இருக்குது.

'கார்த்திகையில இருந்து புது ஆப் இந்தப் பேர் இல்லாமதான் ஓடுது. நடுவுல பொங்கலும் வந்துட்டுப் போச்சு. ஒரு சீட்கூட ரெட்டையாப் போகலை.'

அவ்வளவுதானுங்க. கீழ ஒண்ணுமில்லை.

பேசாதீங்க, ஒரு நிமிசம். பாத்துட்டு இருக்கேன். எழுத்துப் பிழை இருக்குதான்னு பாக்கறேன். எப்பவும் ஒண்ணு இருக்குமே. நாச்சிமுத்து... நா, ச்சி, முத்து. சரியாத்தான் எடுத்திருக்குது. கடைசியில வெறும் வரி? இல்லை. அளவா இருக்குது. மூணு கேள்விக்கும் பதில் இருக்குது. சோதனை... நாலு மாசம் சோதிச்சிருக்குது. நாலு மாசம் யாருங்க சோதிப்பா? நானே மூணு நாளுக்கு மேல சோதிச்சதில்லை.

தப்பு இல்லீங்க.

பதினோரு வருசத்துல தப்பே இல்லாம ஒண்ணு வந்திருக்குது. நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட, ஏறுனதும்? தப்பு இல்லாத விண்ணப்பத்தை நிறுத்துனதே இல்லைன்னு சொன்னேனா இல்லையா? சொன்னேன்ல.

நூத்திப் பதினாலு குறிப்பு எழுதினேனுங்க அந்தப் புள்ளைக்கு. அந்த வரி என்னுதுங்கறதாலதான். நீங்க யாருகிட்டயும் சொல்லிராதீங்க. அட்டைப்பெட்டி மேல உக்காந்து எழுதின வரிங்க அது. அதை எடுத்தா நான் அங்க உக்காந்திருந்தேங்கறதே இல்லாமப் போயிருமோன்னு இருந்துச்சு. ரொம்ப வலிச்சுதுங்க. அதுக்கு ஏழாவது வரி நீளம்னு எழுதினேன்.

குறிப்பு எழுதற எடத்துல என்ன எழுதறது? எப்பவும் எதாவது எழுதுவேன். 'குறிப்பு ஏதுமில்லை.' போதுமில்ல? முற்றுப்புள்ளி வெச்சுட்டேன்.

பச்சை பட்டனை அமுக்கிட்டேன். சுத்துது. டவர் இல்லை போலிருக்குது, இந்தப் பக்கம் அப்படித்தான். நீங்க ஜன்னலோரம் இருக்கீங்க, இந்தப் போனைக் கொஞ்சம் கம்பிகிட்டப் பிடிங்களேன். கெட்டியாப் புடிச்சுக்கங்க, ஆபீஸ் போனு, திருப்பிக் குடுக்கோணும். இன்னும் கொஞ்சம் மேல. நான் எந்திரிச்சுக்கறேன், உங்க கைக்கு எடம் வேணுமில்ல.

சுத்தறது நின்னுருச்சா? என்ன கலர் காட்டுது? ஊதாவா? அப்பச் சேந்துருச்சுங்க, சேந்தா ஊதாவாயிரும். அந்தப் புள்ள அங்க காத்துட்டே இருந்திருக்குது.

குடுங்க. நீங்க நல்லாச் சாஞ்சு உக்காருங்க. இப்பச் சரியா இருக்குது பாருங்க, ஒரு சீட்டு, ஒரு ஆளு. நான் முன்னால டிரைவர் பக்கத்துல அந்தப் பெட்டி மேல உக்காந்துக்கறேன், எனக்குப் பழக்கந்தான். திருச்சிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குதில்லீங்களா? சட்டை பின்னால கசங்கியிருக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.

போட்டோ எடுத்தாலும் எடுப்பாங்க.